வில்லீஸ் பிக்கப்பில் ட்ராக்ஸ் இன்ஜின்: நடுவில் வரும் சாமான்களின் கதை

பழைய வண்டியில் வேறு இன்ஜின் ஏற்றப் போகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த இன்ஜின்?" என்றுதான். அந்த இன்ஜினுக்கும் பழைய கியர்பாக்ஸுக்கும் நடுவில் என்ன வரப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. இன்ஜின் பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். நடுவில் வரும் பிளேட், புஷ், கிளட்ச் ஹப், பிராக்கெட் எல்லாம் அப்படி இல்லை. அளந்து, வரைந்து, லேத்தில் நின்று, நாமே செய்து வாங்க வேண்டியவை. எங்கள் வேலையில் பெரும்பகுதி நேரம் போனது அங்கேதான் என்பதால் இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான்.

வண்டி களக்காட்டில் அத்தானுடைய வாழைத்தோட்டத்தில் நிற்கும் மகிந்திரா வில்லீஸ் ஜீப், சிஜே-3பி மாடல். பின்பக்கத் தொட்டியை எப்போதோ அறுத்து, சின்ன லாரி மாதிரி பலகை அடித்து வைத்திருக்கிறார்கள். வாழைத்தாரை வயலிலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வண்டி இல்லை. குட்டையான வீல்பேஸ், 80 அங்குலம்தான். நாலு சக்கரமும் இழுக்கும். வாய்க்கால் கரையில் ட்ராக்டர் ட்ரெய்லர் திரும்ப முடியாத இடத்தில் இது திரும்பும்.

அதில் இருந்தது ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். 134 கன அங்குலம், அதாவது 2.2 லிட்டர். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில் என்ற பழைய அமைப்பு. அதனால்தான் இன்ஜின் உயரம். அந்த உயரத்துக்காகத்தான் சிஜே-3பிக்கு மட்டும் பானெட் அப்படித் தூக்கி நிற்கும். நல்ல இன்ஜின், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்ரோல் குடிக்கிற குடி தாங்காது. போதாததற்கு இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய கார்புரேட்டர் ரப்பர்களும் பம்ப் டயஃப்ரமும் ஊறிப்போகின்றன. மாற்றுச் சாமானுக்கு ஒவ்வொரு முறையும் மதுரை, கோயம்புத்தூர் என்று ஓட வேண்டியிருந்தது.

எந்த இன்ஜின், ஏன்

எல்லோரும் சொன்னது பொலிரோ இன்ஜின். நெல்லைச் சீமையில் எந்த ஊர் ஒர்க்ஷாப்பிலும் அதற்குச் சாமான் உண்டு, கைவைக்கத் தெரிந்த ஆளும் உண்டு. 2523 சிசி, காமன் ரெயில் (கம்ப்யூட்டர் சொல்லி டீசல் தெளிக்கும்) வகையில் 63 குதிரைத்திறன், 195 நியூட்டன் மீட்டர் டார்க். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 63 குதிரையும் நிமிடத்துக்கு 3200 சுற்றில் முடிந்துவிடும். வில்லீஸின் ஆக்ஸில் விகிதம் 5.38. கியர்பாக்ஸில் மூன்றே கியர், மூன்றாவது நேர் கியர். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் 3200 சுற்றில் மணிக்கு 78 கிலோமீட்டர். அதுவும் இன்ஜின் கத்திக்கொண்டு. இழுவை இன்ஜினை எடுத்து, ஏற்கெனவே இழுவைக்காக அமைந்த ஆக்ஸிலோடு சேர்த்தால் வண்டி தவழும்.

இரண்டாவது காரணம் கியர்பாக்ஸ். டி-90 என்ற அந்த மூன்று கியர் பெட்டி, ஹரிக்கேன் கொடுக்கும் 155 நியூட்டன் மீட்டரோடு வந்தது. 195ஐ அதற்குள் விட்டு, பின்னால் ஸ்பெஷல் கியரும் (நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பெட்டியின் லோ கியர்) போட்டால் என்ன ஆகும்? முதல் கியர் 2.8, ட்ரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.46, ஆக்ஸில் 5.38, பெருக்கினால் 37 மடங்கு. எங்கேயாவது ஒரு பல் போகும்.

மூன்றாவது, காமன் ரெயில் என்றால் இன்ஜினை மட்டும் வாங்கி வர முடியாது. கம்ப்யூட்டர் பெட்டி, முழு வயரிங், ஆக்ஸிலரேட்டர் பெடலின் சென்சார், சாவியோடு பேசும் இம்மொபிலைசர் என்று ஒரு குடும்பமே கூட வர வேண்டும். இவ்வகை இன்ஜின்கள் பலவற்றில் கிராங்க் சென்சார் ஃப்ளைவீலின் ஓரத்தைப் படித்துத்தான் வேலை செய்யும். ஃப்ளைவீலையோ, கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கையோ மாற்றினால் சென்சாருக்கு இடம் தேடி அலைய வேண்டும். தண்ணீரிலும் சேற்றிலும் நிற்கிற வண்டிக்கு இவ்வளவு வேண்டாம் என்று விட்டோம்.

கடைசியில் எடுத்தது ட்ராக்ஸ் வண்டியின் ஓஎம் 616. மெர்சிடிஸ் பென்ஸ் உரிமத்தில் பஜாஜ் டெம்போ, அதாவது 2005க்குப் பிறகு ஃபோர்ஸ் மோட்டார்ஸ், இங்கே செய்த 2.4 லிட்டர் டீசல். பென்ஸ் 240டி காரில் இதே 2399 சிசி இன்ஜினுக்குச் சொன்ன கணக்கு 72 குதிரைத்திறன், 137 நியூட்டன் மீட்டர்; 4400 சுற்று வரை போகும். அதாவது டார்க் பழைய ஹரிக்கேனுக்கு ஓரளவு பக்கத்தில், சுற்றும் பக்கத்தில். கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், ஆக்ஸில் எதுவும் இன்ஜின் மாறியதை உணராது. இதை நவீன இன்ஜின் என்று சொன்னால் சிரிப்பார்கள், எழுபதுகளின் வடிவமைப்புதான். ஆனால் வில்லீஸுக்குப் பக்கத்தில் வைத்தால் இது பேரப்பிள்ளை. டைமிங் செயின், மெக்கானிக்கல் பம்ப், சத்தமில்லாத ஆயுசு. சாமான் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.

கியர்பாக்ஸை அசைக்காதே

ஒரு முடிவை முதலிலேயே எடுத்தோம்: கியர்பாக்ஸும் ட்ரான்ஸ்ஃபர் கேஸும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும், இன்ஜின் அதைத் தேடி வரட்டும். ட்ராக்ஸின் கியர்பாக்ஸையும் சேர்த்துப் போட்டால் இன்ஜின் பக்கம் எந்தப் பிளேட்டும் வேண்டாம்தான். ஆனால் அப்போது அடாப்டர் கியர்பாக்ஸின் பின்னால், ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்கு முன்னால் போகும். வேலை குறையாது, இடம் மாறும், அவ்வளவே. கூடவே பெட்டி நீளம் கூடி, பின் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை வெட்டிச் சுருக்க வேண்டும், முன் ஷாஃப்ட்டை நீட்ட வேண்டும். 80 அங்குல வண்டியில் பின் ஷாஃப்ட் ஏற்கெனவே குட்டை. அதை இன்னும் குறைத்தால் ஜாயின்ட் கோணம் ஏறி, சிலுவைப் பேரிங் அடிக்கடி போகும். அசைக்காமல் விட்டதில் கியர் லிவர், கிராஸ் மெம்பர், ஸ்பீடோமீட்டர் கேபிள், ஹேண்ட் பிரேக் எல்லாம் தப்பித்தன.

ஆக, எங்களுக்கு வேண்டிய முதல் சாமான், பென்ஸ் பிளாக்கின் பின் முகத்துக்கும் வில்லீஸ் பெல் ஹவுசிங்கின் முன் முகத்துக்கும் நடுவில் ஒரு பிளேட்.

பேட்டையில் ஒரு லேத் பட்டறை. அங்கிருந்த அண்ணாச்சி ஜீப் வேலை நிறையப் பார்த்தவர். நான் காகிதத்தில் பென்சில் தேய்த்து எடுத்த ஓட்டைப் படத்தைக் காட்டினேன். அவர் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "பேப்பர் வேர்வைக்கே நீளும்டே தம்பி. ஓட்டைய ஓட்டையில இருந்துதான் எடுக்கணும். ரெண்டு ஹவுசிங்கையும் தூக்கிட்டு வா, பொறவு பேசுவோம்" என்றார்.

அவர் சொன்னதுதான் சரியான வழி. இன்ஜின் பக்க ஓட்டைகளுக்கு மாதிரி, ட்ராக்ஸ் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங். அதன் போல்ட் ஓட்டைகளும் டோவல் (இடம் பிடிக்கும் பின்) ஓட்டைகளும் பிளாக்கோடு தொழிற்சாலையிலேயே பொருந்தியவை. வில்லீஸ் பக்கத்துக்கு மாதிரி, ஹரிக்கேனின் பின்னால் பிளாக்குக்கும் ஹவுசிங்குக்கும் நடுவில் வரும் தகடு. பழைய இன்ஜினைக் கழற்றும்போது பலர் அந்தத் தகட்டைத் துருப்பிடித்த குப்பை என்று போட்டுவிடுவார்கள். போடாதீர்கள். அதைவிட நல்ல ட்ரில்லிங் மாதிரி கிடைக்காது.

பிளேட்டின் தடிமன் நம் இஷ்டத்துக்கு எடுப்பது இல்லை. மூன்று ஆழங்களிலிருந்து வருகிறது. ஒன்று, பிளாக்கின் பின் முகத்திலிருந்து கிளட்ச் தகடு உட்காரும் ஃப்ளைவீல் முகம் எவ்வளவு தள்ளி நிற்கிறது. இரண்டு, ஹவுசிங்கின் முன் முகத்திலிருந்து கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் பல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது. மூன்று, அந்த ஷாஃப்ட்டின் நுனி, பைலட் என்று சொல்வோமே அது, கிராங்க் ஓட்டைக்குள் எவ்வளவு போக வேண்டும். கிளட்ச் ஹப் முழுவதும் பல்லின் மேல் நிற்க வேண்டும். அதே நேரம் ஷாஃப்ட்டின் நுனி கிராங்கின் அடியில் போய் முட்டக் கூடாது. முட்டினால் கிராங்க் முன்னால் தள்ளப்பட்டு, த்ரஸ்ட் பேரிங் தேய்ந்துபோகும். எங்களுக்கு இந்தக் கணக்கில் 22 மில்லிமீட்டர் வந்தது. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், ஃப்ளைவீல் வேறானால் எல்லாம் மாறும்.

எம்எஸ் பிளேட்டா அலுமினியமா என்று ஒரு பேச்சு நடந்தது. இரும்பு மலிவு, வெல்டும் வைக்கலாம். ஆனால் கேஸ் கட்டரில் வட்டமாக வெட்டினால் சூட்டில் கோணும். பிறகு இரண்டு முகத்தையும் கிரைண்ட் செய்தே ஆக வேண்டும். எடையும் அதிகம். நாங்கள் அலுமினியம் எடுத்தோம். அதில் ஒரு தொல்லை, அலுமினியத்தில் நேரடியாக மரை போட்டால் நாலு முறை கழற்றி மாட்டியதும் மரை உரிந்துவிடும். அதனால் ஹவுசிங் பக்க மரைகளில் எல்லாம் ஸ்டீல் இன்சர்ட் வைத்தோம். பிளாக் பக்கம் தலை அமிழும் ஆலன் போல்ட், 10.9 தரம், மரைக்குப் பூட்டுப் பசை. தலை ஒரு மயிரிழை வெளியே நின்றாலும் ஹவுசிங் சமமாக உட்காராது.

மையம் பிடிப்பது

இந்த வேலை முழுவதிலும் ஒரு இடத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது என்றால் அது இதுதான். கிராங்க் ஷாஃப்ட்டின் மையக் கோடும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட்டின் மையக் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு விலகினாலே போதும்: பைலட் புஷ் (ஷாஃப்ட் நுனியைத் தாங்கும் வளையம்) தின்னப்படும், கிளட்ச் அதிரும், கியர் தானாக வெளியே வரும். ஆறு மாதத்தில் இன்புட் பேரிங் ஊளையிடும். அப்புறம் "டி-90 மட்டமான பெட்டி" என்று பழி அதன் மேல் விழும்.

போல்ட் ஓட்டை மையத்தைக் காப்பாற்றாது. போல்ட் அழுத்திப் பிடிக்க மட்டும்தான். இடத்தைச் சொல்வது டோவல் பின். அதனால் ஹவுசிங் பக்கப் போல்ட் ஓட்டைகளை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்வாக வைத்தோம். டோவல் ஓட்டை போடவே இல்லை. பிளேட்டைப் பிளாக்கில் பூட்டி, அதன் மேல் ஹவுசிங்கை வைத்து, போல்ட்டுகளை லேசாக மட்டும் முடுக்கினோம்.

கிராங்க் முனையில் காந்த அடி வைத்த டயல் கேஜ். அதன் முள், ஹவுசிங்கின் பின்னால் கியர்பாக்ஸ் வந்து உட்காரும் வட்டத் துளையின் உள் சுவரைத் தொடும். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் கம்ப்ரஷன் இல்லாமல் கிராங்க் கையால் சுற்றும். ஒரு முழுச் சுற்றில் முள் எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பொதுவாக ஏற்கும் எல்லை ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு, அதாவது 0.13 மில்லிமீட்டர் மொத்த ஆட்டம். உண்மையான விலகல் அதில் பாதிதான். முள் 0.40 ஆடினால் ஹவுசிங் 0.20 தள்ளி நிற்கிறது என்று பொருள்.

எங்களுக்கு முதலில் 0.40க்கு மேலேயே இருந்தது. அண்ணாச்சி செம்புச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவார், நான் கிராங்கைச் சுற்றுவேன், மறுபடியும் தட்டு. மேல்-கீழ் சரியானால் இடம்-வலம் ஓடும். 0.08 வந்ததும் "இதுக்கு மேல சாமி கும்பிடணும்னா கும்பிடலாம்" என்று போல்ட்டை முழுசாக முடுக்கச் சொன்னார். முடுக்கிய பிறகு மறுபடியும் அளந்தோம். முடுக்கும்போது நகர்வது உண்டு. அதோடு முள்ளைத் துளையின் சுவரிலிருந்து எடுத்து ஹவுசிங்கின் பின் முகத்தில் வைத்து, முகம் சாயாமல் இருக்கிறதா என்றும் பார்த்தோம். அதற்கும் அதே எல்லைதான். எல்லாம் சரி என்றதும் ஹவுசிங்கையும் பிளேட்டையும் சேர்த்து ட்ரில் செய்து, ரீமர் விட்டு, 10 மில்லிமீட்டர் டோவல் பின் இரண்டு அடித்தோம். இனி எத்தனை முறை கழற்றினாலும் அதே இடத்தில்தான் உட்காரும்.

இந்த டயல் வேலையைச் செய்யாமல் "ஓட்டை சரியா விழுந்துட்டு" என்று மாட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. இதே மாதிரி மாற்றிய ஒரு ஜீப்பை ஆலங்குளம் பக்கம் பார்த்திருக்கிறேன். மூன்றாவது கியரில் லிவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டுகிறார் அந்த மனிதர்.

புஷ், கிளட்ச், செல்ஃப் மோட்டார்

பைலட் புஷ் சின்னச் சாமான்தான், விரல் மோதிரம் அளவு. ஆனால் கிராங்க் ஓட்டை பென்ஸ் அளவு, ஷாஃப்ட் நுனி வில்லீஸ் அளவு, இரண்டுக்கும் நடுவில் பிளேட் தள்ளிய தூரம் வேறு. அதனால் வெளியே தடித்து, கிராங்குக்கு வெளியே கொஞ்சம் நீண்டு நிற்கிற, படி வெட்டிய புஷ் ஒன்று கடைந்தோம். எண்ணெய் ஊறும் வெண்கலத்தில்தான் செய்ய வேண்டும். சாதாரணப் பித்தளை கூடாது. ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறப் போட்டு, மறுநாள் கிராங்கில் இறுக்கமாக அடித்தோம். அடித்த பிறகு உள் துளை கொஞ்சம் சுருங்கும். அதற்கு இடம் விட்டுக் கடைய வேண்டும்.

ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் ட்ராக்ஸினுடையவை. கிளட்ச் தகடு மட்டும் கலப்பு: வெளி வட்டம் ட்ராக்ஸ், நடு ஹப் டி-90 ஷாஃப்ட்டின் பல்லுக்கு ஏற்றது. வண்ணார்பேட்டையில் கிளட்ச் லைனிங் அடிக்கும் கடையில் இரண்டு தகட்டையும் கொடுத்து, ரிவிட்டைக் கழற்றி ஹப்பை மாற்றி வாங்கினோம். இப்படி மாற்றினால் தகடு ஆடாமல் சுற்றுகிறதா என்று ஒரு ஷாஃப்ட்டில் மாட்டிச் சுற்றிப் பார்த்து வாங்குங்கள். ஃப்ளைவீல் முகத்தையும் லேசாக மழித்து பேலன்ஸ் பார்த்தோம்.

கியர்பாக்ஸ் ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியது கிராங்கின் பின் ஆயில் சீல். எங்கள் இன்ஜினில் கயிறு வகை. இன்ஜின் வெளியே கிடக்கும்போது மாற்றினால் சின்ன வேலை. வண்டியில் ஏறிய பிறகு ஒழுகினால் இத்தனையையும் மறுபடி இறக்க வேண்டும். கிளட்சில் ஆயில் பட்டால் தகடும் போச்சு.

செல்ஃப் மோட்டார் பென்ஸினுடையது. வில்லீஸ் ஹவுசிங்கில் அதற்கு இடம் ஒத்துவரவில்லை. பிளேட்டிலேயே அதற்கு ஒரு காது விட்டுத்தான் வரைந்திருந்தோம். ஹவுசிங்கில் மூக்கு நுழையும் அளவுக்கு ஓரத்தை அறுத்தோம். பினியன் (மோட்டார் நுனியின் சின்னப் பல்சக்கரம்) ஓய்வில் இருக்கும்போது ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள ரிங் கியரைத் தொடக் கூடாது. வெளியே வந்தால் பல் முழுதாகக் கடிக்க வேண்டும். ரிங் கியர் பல்லில் நீல மை தடவி, கையால் பினியனைத் தள்ளிப் பார்த்தோம்.

கிளட்ச் பெடலிலிருந்து வரும் பழைய கம்பி இணைப்பை எடுத்துவிட்டோம். அது சேசிஸிலிருந்து ஹவுசிங்குக்குப் போகிற அமைப்பு. டீசல் ஐடிலில் இன்ஜின் ஆடும்போது கம்பியும் சேர்ந்து ஆடி, கிளட்சைக் கிள்ளிக் கிள்ளி விடும். அதற்குப் பதில் ஆயில் கிளட்ச்: பெடலடியில் ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஹவுசிங் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர், நடுவில் வளையும் ஹோஸ். இப்போது இன்ஜின் எவ்வளவு ஆடினாலும் பெடலுக்குத் தெரியாது.

இன்ஜின் உட்காரும் இடம்

பென்ஸ் இன்ஜினின் ஃபவுண்டேஷன், அதாவது இன்ஜினைத் தாங்கும் இடம், பிளாக்கின் நடுவில் இரண்டு பக்கமும் இருக்கிறது. வில்லீஸுக்கு அது முன்னால். அதனால் சேசிஸில் புதிதாக இரண்டு பிராக்கெட். இன்ஜினைக் கியர்பாக்ஸோடு முதலில் பூட்டி, முன்பக்கத்தைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, சாய்வும் நடுவும் பார்த்த பிறகே பிராக்கெட்டுக்கு அட்டை வெட்டினோம். சேசிஸின் மேல், கீழ் ஓரத்துக்குக் குறுக்கே வெல்டிங் வைக்கக் கூடாது. அங்கேதான் விரிசல் விழும். பக்கச் சுவரில் மீன் வடிவத் தகடு ஒன்று வைத்து, அதன் நீளவாக்கில் வெல்ட் வைத்து, அதன் மேல் பிராக்கெட். ரப்பர் ட்ராக்ஸினுடையதே. கெட்டி ரப்பர் போட்டால் இன்ஜின் அசையாதுதான். ஆனால் ஓட்டுகிறவன் பல் அசையும்.

அடுத்த இடி சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டி. ட்ராக்ஸில் முன் ஆக்ஸில் இந்த மாதிரி குறுக்கே போவதில்லை. வில்லீஸில் ஆக்ஸில் குழாய் முழுசாக இன்ஜினுக்கு அடியில் நிற்கிறது. குழியில் விழுந்தால் ஸ்பிரிங் அமுங்கி மேலே வரும். சும்மா நிற்கும்போது இடம் இருப்பது போலத் தெரிந்தாலும், பம்ப் ஸ்டாப் ரப்பர் தொடும் வரை ஆக்ஸிலை ஜாக்கியால் ஏற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். எங்களுக்கு இடித்தது. கீழ்த்தட்டு இரும்பு என்பதால் முன்பக்க ஆழத்தை வெட்டிக் குறைத்து, அதே கொள்ளளவைப் பின்னாலும் பக்கத்திலும் கூட்டி வெல்ட் செய்தோம். ஆயில் உறிஞ்சும் குழாயையும் அதற்கேற்ப வளைக்க வேண்டியிருந்தது. வெல்டிங்கை டீசல் ஊற்றி ஓர் இரவு வைத்துச் சோதித்தோம். தண்ணீர் நிற்கும் இடத்தில்கூட டீசல் கசியும்.

வில்லீஸில் எக்ஸாஸ்ட் இடப்பக்கம், இதில் வலப்பக்கம். நம் ஊர் ஸ்டியரிங்கும் வலப்பக்கம். ஸ்டியரிங் பாக்ஸைத் தாண்டிப் போகும் பைப்பை இரண்டு வளைவு வைத்துத் தனியாகச் செய்து, சூடு தாங்கும் நாடா சுற்றினோம். பானெட் மூடியது. அந்தத் தூக்கிய பானெட்டுக்கு இந்த ஒரு விஷயத்தில் நன்றி சொல்ல வேண்டும்.

ரேடியேட்டர் பழையதுதான். கோர் மட்டும் ஒரு வரிசை கூட்டிப் புதிதாகக் கட்டி, குழாய் வாய்களைப் பென்ஸ் ஹோஸ் அளவுக்கு மாற்றி ஈயம் வைத்தார்கள். ஃபேனைச் சுற்றி ஒரு கூண்டு தகட்டில் செய்தோம். சித்திரை வெயிலில் களக்காட்டிலிருந்து நாங்குநேரி வரை லோடோடு போகும்போது கூண்டு இல்லாமல் முள் சிவப்புக்குப் போனது. கூண்டு வைத்ததும் நடுவில் நிற்கிறது.

மின்சாரம், டீசல், காகிதம்

பழைய வயரிங்கை முழுவதும் உருவிவிட்டு 12 வோல்ட்டில் புதிதாக இழுத்தோம். ஹீட்டர் பிளக் நாலும் சேர்ந்து நிறைய கரன்ட் இழுக்கும். சாவியின் வழியாக நேராகக் கொடுத்தால் சாவி உருகும். ரிலே, தடித்த வயர், தனி ஃப்யூஸ் வேண்டும். இன்ஜின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் தடித்த எர்த் பட்டை கட்டாயம். அது இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாரின் கரன்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே திரும்பப் போய், கேபிள் உறையைச் சுட்டுவிடும்.

டீசலில் இன்டேக் வேக்குவம் கிடையாது. எங்கள் வண்டியின் வைப்பர் வேக்குவத்தில் ஓடுகிற பழைய வகை. பென்ஸ் இன்ஜினோடு வரும் வேக்குவம் பம்ப்பிலிருந்து எடுக்கலாம் என்று பார்த்தோம், பிறகு எலக்ட்ரிக் மோட்டாரே வைத்துவிட்டோம். அந்த பம்ப்பின் வேக்குவம் பிரேக்குக்கு உதவியாக ஒரு பூஸ்டர் வைக்கப் பயன்படுகிறது. பெட்ரோல் டேங்கைக் கழுவி, திரும்பும் டீசலுக்கு ஒரு குழாய் கூடுதலாக வைத்தோம். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றும் உண்டு. இன்ஜினை நிறுத்த ஒரு ஸ்டாப்பர் கேபிள்.

காகித வேலை தனி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றியது. எரிபொருள் மாறுகிறது, இன்ஜின் எண் மாறுகிறது. ஆர்டிஓ அனுமதி முதலில், வேலை பிறகு. இன்ஜின் வாங்கிய பில், அது வந்த வண்டியின் ஆர்சி விவரம் எல்லாம் கையில் இருக்கட்டும். இன்ஷூரன்ஸிலும் எழுத வேண்டும். இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள்: 2021இல் வந்த விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று தனியாகப் பதியலாம், ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. இன்ஜினை மாற்றினால் அந்தக் கதவு மூடிவிடும். கண்காட்சிக்கு நிறுத்தும் எண்ணம் இருந்தால் இந்த வேலையில் இறங்காதீர்கள். எங்கள் வண்டி வாழைத்தார் சுமக்கிற வண்டி.

ஓட்டம் எப்படி? மூன்றாவது கியரில் 2500 சுற்றில் மணிக்கு 60 கிலோமீட்டர் அலட்டாமல் போகிறது. அதற்கு மேல் போக வேண்டும் என்று இந்த வண்டிக்கு ஆசையும் இல்லை. தலையணைத் தடுப்பணைப் பக்கம் ஏற்றத்தில் ஸ்பெஷல் கியர் போட்டு லோடோடு விட்டால் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே ஏறுகிறது. டீசல் செலவு பழைய பெட்ரோல் செலவில் பாதிக்கும் கீழே. கேபினில் சத்தம் கூடியிருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். டி-90இன் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது, அதனால் நின்றுதான் போட வேண்டும். அது எந்த இன்ஜின் வந்தாலும் மாறாது.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பிளேட்டின் போல்ட்டுகளையும் ஃபவுண்டேஷன் போல்ட்டுகளையும் மறுபடி முடுக்கினோம். பிளேட் பக்கம் ஒன்றும் தளரவில்லை, ஃபவுண்டேஷனில் இரண்டு போல்ட் மட்டும் கால் சுற்று ஏறின. இப்போது பாக்கி இருப்பது கிளட்ச் பெடல்: மிதிக்கக் கனமாக இருக்கிறது என்று அத்தான் சொல்கிறார். இன்னும் சின்ன வாய் மாஸ்டர் சிலிண்டர் போட்டால் மிதி இலகுவாகும், ஆனால் பெடல் தூரம் கூடும். தகடு முழுதாக விடுபடுகிறதா என்று அளந்து பார்த்துத்தான் மாற்ற வேண்டும். பிளேட்டின் வரைபடத்தை அண்ணாச்சி பட்டறைச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறார். ஓஎம் 616க்கும் டி-90க்கும் யாராவது கேட்டு வந்தால் போல்ட் ஓட்டைகளை அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். டோவல் ஓட்டைகளை மட்டும் அவரவர் வண்டியில் டயல் வைத்துப் பார்த்தே போட வேண்டும் என்று அதிலேயே சிவப்பு மையில் எழுதியும் வைத்திருக்கிறார்.